நங்கூரத் தெருவுக்குக் கடல் சாப்பிட வந்தது

சிப்பித்துறை நங்கூரத் தெருவுக்குள் கடல் முதன்முதலாக நடந்து வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு. வேறெதற்கும் இல்லை, ஜெசிந்தா வீட்டு வாசலில் என்ன வேகிறது என்று பார்க்கத்தான் வந்தது. அதெல்லாம் இல்லை என்று ஒருத்தரும் சாதிக்க முடியாது. தெருவில் முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டு வீட்டு வாசலில் கிடந்த செருப்பும் அன்றைக்கு நனைந்தது.

வெந்தது பீட்சா. ஜெசிந்தாவுக்குப் பீட்சா மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது, அவள் ஆசையெல்லாம் புருஷன் லம்பர்ட் மேல். லம்பர்ட் கப்பலில் சமையல்காரன். கல்யாணமான நாலாம் மாசம் கப்பலேறியவன். அவன் அனுப்பிய சம்பளத்தில் அவள் வாணம் தோண்டி, சுவரெழுப்பி, மாடி போட்டு, நீல பெயிண்ட் அடித்து, பங்குச்சாமியை வைத்து மந்திரித்துக் குடிபோய்விட்டாள். ஆனால் அந்த வீட்டு வாசற்படியை அவன் இன்னும் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. ஊருலகமெல்லாம் சுற்றிய அவன் கப்பல் 'லோரெட்டா பி' கடைசியில் சிப்பித்துறைக்கே சரக்கிறக்க வந்தபோது அவள் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தாள். சரக்கு இறங்கியதுதான் தாமதம், எந்த தேசத்துக்காரன் என்றே யாருக்கும் விளங்காத அந்தக் கப்பல் முதலாளி கம்பி நீட்டிவிட்டான். கப்பலுக்குக் காகிதம் சரியில்லை, உள்ளே இருக்கிற பதினோரு பேரும் துறைமுகத்திலோ கடற்கரையிலோ கால் வைக்கக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. பதினோரு மாசமாகக் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டபடி நிற்கிறது. அவள் மொட்டைமாடியில் ஏறி நின்றால் அவன் தெரிவான், சிவப்புத் துண்டை ஆட்டுவான், இவளும் கையை ஆட்டுவாள். அவ்வளவுதான் குடும்பம்.

கல்யாண நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, தினம் ஒரு மணி நேரமே உயிரோடு இருக்கும் அவன் போனிலிருந்து அழைப்பு வந்தது.

"ஏட்டி ஜெசி, புது வீட்டுல முதல் கல்யாண நாளுக்கு பீட்சா சுட்டுத் தாரேன்னு சொன்னேன்லா? நேப்பிள்ஸ் துறைமுகத்துல ஒரு கிழவி கடையில நின்னு படிச்சது. நான் வர முடியலைன்னா என்ன, நீ சுடு. நான் இங்கேருந்து சொல்லுதேன்."

"எனக்கு பீட்சா வேண்டாம், நீங்கதான் வேணும்."

"அது நம்ம கையில இல்லட்டி. மைதா ஒரு கிலோ எடு."

எடுத்தாள். கிலோ மைதாவுக்கு அறுநூற்றைம்பது மில்லி தண்ணீர், மிளகளவு ஈஸ்ட், முப்பது கிராம் உப்பு என்று அவன் சொல்லச் சொல்ல இவள் எழுதிக்கொண்டாள். கை நோகப் பிசைந்து, ஒரு நாள் முழுக்க ஃபிரிட்ஜில் உறங்க வைத்து, உருண்டை பிடித்து, ஈரத்துணி போட்டு மூடினாள். கொழுந்தன் ராயப்பன் எண்ணெய் டிரம்மைப் பாதியாக அறுத்து, கால் வைத்து, கம்பி வலை போட்டுக் கரியடுப்பு செய்து கொடுத்தான். வலைமேல் சூளைச் செங்கல்லைப் பரப்பி, கீழே கருவேலங்கரியைக் கொட்டினாள். மேலேயிருந்தும் சூடு வேண்டும் என்று லம்பர்ட் சொன்னதற்கு ஒரு நிமிஷம் யோசித்தாள், பிறகு பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரி இரும்புச் சட்டியைக் கவிழ்த்து அதன் முதுகில் தணலை அள்ளி வைத்தாள். எல்லாம் சரியாகத்தான் போனது. உப்பு விஷயத்தில்தான் தப்பு நடந்தது.

வீட்டில் உப்பு தீர்ந்திருந்தது. எதிர்வீட்டுப் பேச்சித்தாய் உப்பளத்தில் வேலை பார்க்கிறவள், அவள் இருக்கும்போது நங்கூரத் தெருவில் யாரும் கடையில் உப்பு வாங்குவதில்லை, வாங்கினால் அவளுக்கு மூக்குமேல் கோபம் வரும். அன்றைக்குப் பாத்தியில் உப்பு முழுசாக விளைந்திருக்கவில்லை, இன்னும் ரெண்டு வெயில் காய வேண்டும். ஆனாலும் ஜெசிக்குக் கல்யாண நாளாயிற்றே என்று அவசர அவசரமாக ஒரு டப்பா வாரிக்கொண்டு வந்துவிட்டாள். கடல் இன்னும் பாதி விட்டுப்போகாத உப்பு அது. அதை மாவில் போட்டுப் பிசைந்து தீயில் வைத்தால் கடல் தேடிக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

வந்தது. கடல் ஊருக்குள் வருவதென்றால் என்னவென்று அந்தக் கரைக்கு நன்றாகத் தெரியும், அதனால் எல்லாரும் மாடிக்கு ஓடினார்கள், ஜெபமாலை உருட்டினார்கள். ஆனால் இது முகவரி சரிதானா என்று யோசித்து யோசித்து வருகிற விருந்தாளி மாதிரி கணுக்கால் அளவில் மெல்ல வந்து, ஒவ்வொரு வாசலாக நின்று பார்த்து, ஜெசிந்தா வீட்டு முன்னால் வந்து நின்றது. அவள் ஒருத்திதான் ஓடவில்லை. ஓடினால் பீட்சா கருகிவிடும்.

"யக்கா, இது என்னக்கா இங்க வந்து நிக்குது?"

மாடியிலிருந்து பேச்சித்தாய் கத்தினாள். "ஏட்டி, அதுக்குக் கொஞ்சம் பிச்சுப் போட்டுத் தொலை! வெறும் வயித்தோட வந்திருக்கு!"

விளிம்பு உப்பி, அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுந்து, நடுவில் நாட்டுத் தக்காளியும் உருகின சீஸும் கொதித்துக்கொண்டிருந்த அந்தப் பீட்சாவில் ஒரு துண்டைப் பிய்த்து அவள் தண்ணீரில் போட்டாள். கடல் அதை ஒரு சுழி சுழித்து உள்ளே வாங்கியது, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது, பிறகு தெரு முழுக்க ஒரு பெருமூச்சு விட்டு வந்த வழியே திரும்பிப் போனது. மணி நாலே முக்கால். மறுநாளும் சரியாக நாலு மணிக்கு வந்து நின்றது.

நங்கூரத் தெரு எதற்கும் ஒரு வாரத்துக்கு மேல் மலைத்துப்போய் நிற்காது. இரண்டாம் வாரத்தில் செருப்பெல்லாம் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறிவிட்டது, பைக்குகள் மேட்டுப் பக்கம் போய்விட்டன, ஆட்டோக்காரர்கள் மூன்றரைக்கே ஸ்டாண்டை மாற்றிக்கொண்டார்கள், பங்குச்சாமி பூசை முடிந்ததும் ஞானோபதேச வகுப்பு இனிமேல் ஐந்து மணிக்கு என்று அறிவித்தார். தெருமுனையில் யாரோ ஒரு பலகை எழுதி வைத்தார்கள்: 'மாலை 4 முதல் 4.45 வரை கடல் வரும். வாகனங்கள் மாற்றுப் பாதையில் செல்லவும்.' கடலும் வெறுங்கையோடு வருகிற ஆளில்லை. போகும்போது வாசலுக்கு வாசல் நாலு சாளை, ரெண்டு நண்டு, கொடுவா கிடைத்தால் கொடுவா என்று வைத்துவிட்டுப் போகும், பெண்கள் சட்டியை வாசலிலேயே வைத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. அந்தக் கரையில் ஞாயிறன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகாது, அதனால் அன்றைக்குத் தனக்கும் லீவு என்று அது நினைத்திருக்க வேண்டும்.

ருசியிலோ அது பயங்கரக் கறார். பேக்கரிக்காரர் பாக்கெட் உப்பு போட்டு ஒன்று சுட்டுக் காட்டினார், கடல் திரும்பியே பார்க்கவில்லை. யாரோ ஆர்வக்கோளாறில் அன்னாசித் துண்டு வைத்தார்கள், அதை மட்டும் பொறுக்கி எடுத்துச் சுவரில் துப்பியது. நெத்திலி வைத்தபோது கோபித்துக்கொண்டு அரை மணியிலேயே போய்விட்டது. தக்காளி, சீஸ், மேலே நாலு திருநீற்றுப்பச்சிலை, அதுதான் அதற்கு. "வயித்துக்கு ஒத்துக்கிடறதத்தானே கேக்கும், பாவம்" என்று பேச்சித்தாய் பரிந்து பேசினாள். விளையாத உப்பை வாரியதற்கு மேஸ்திரியிடம் வாங்கிய ஏச்சையெல்லாம் மறந்து, இப்போது தினமும் ஒரு கைப்பிடி அதே பாத்தியிலிருந்து கொண்டுவந்தாள்.

தெருவுக்கே கொண்டாட்டமாக இருந்தது. ஜெசிந்தாவுக்கு மட்டும், ஒவ்வொரு நாளும் நாலே முக்காலுக்குக் கடல் திரும்பிப் போகும்போது, அது போய்ச் சேருகிற இடத்தில்தானே அவர் இருக்கிறார் என்று தோன்றும், மொட்டைமாடிக்கு ஓடுவாள்.

ஞாயிறு கழித்து இருபத்துமூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, லம்பர்ட் அழைத்தான். குரலே சரியில்லை.

"ஏட்டி, திங்கக்கிழமை இழுவைக் கப்பல் வருதாம். எங்களை அப்படியே கட்டி இழுத்துட்டு வேற தேசத்துத் துறைமுகத்துக்குக் கொண்டுபோறாங்களாம். அங்க எத்தனை வருஷம் ஆகும்னு தெரியலை. மாடியிலேருந்து பாக்கதுகூட இனிமே..." அதோடு சார்ஜ் தீர்ந்துவிட்டது.

அன்றைக்கு அவள் அடுப்பு மூட்டவில்லை. நாலு மணிக்குக் கடல் வந்து நின்றது. அவள் இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றாள்.

"உனக்கு இன்னைக்குக் கிடையாது. நாளைக்கும் கிடையாது. இருபத்திரண்டு நாளா வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டேன்லா? என் புருஷனை முதுகுல வச்சுக்கிட்டு என்கிட்டயே வந்து திங்கியே, உனக்கு வெக்கமா இல்லை? அந்தக் கப்பலைக் கூட்டிக்கிட்டு வா. வந்தாத்தான் இனிமே இங்க அடுப்பு எரியும்!"

கடல் முகம் சுண்டிப்போய் திரும்பியது. புதன்கிழமை வரவில்லை. தெருவில் ஒரு வாசலிலும் மீன் இல்லை. வந்த விருந்தாளியை இப்படியா பேசுவாள், வாய் கொஞ்சமா என்று தெருவே அவளை ஏசியது. வியாழக்கிழமை வந்தது. இடுப்பளவு வந்தது. வந்து, அவள் வாசற்படியில் ஒரு ஆரஞ்சு வளையத்தைத் தூக்கி வைத்தது. உயிர்காப்பு வளையம். அதில் 'லோரெட்டா பி' என்று எழுதியிருந்தது. வைத்துவிட்டு அப்படியே நின்றது. சம்மதம், ஆனால் இடம் வேண்டுமே என்று கேட்கிறது என்பது முதலில் பேச்சித்தாய்க்குத்தான் புரிந்தது.

மறுநாளே தெருக் கமிட்டி கூடியது. வெறுங்கப்பல்தான், சின்னக் கப்பல்தான், ஆனாலும் அது மிதந்து வர வேண்டுமென்றால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரை வரைக்கும் ஏற வேண்டும். முப்பத்தெட்டு வீடும் கட்டில் பீரோ கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்ற வேண்டும். ஏற்றலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், ஏனென்றால் நங்கூரத் தெருவில் கப்பலுக்கு ஒருத்தரை அனுப்பாத வீடே இல்லை. ராயப்பன் டேப் பிடித்து அளந்தான். கப்பலின் அகலம் முப்பத்துநாலு அடி என்று லம்பர்ட் சொல்லியிருந்தான். தெரு முப்பத்தாறு. ஒரே ஒரு இடத்தில், கமிட்டித் தலைவர் கிரகோரி சாரின் பால்கனி தெருவுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் மட்டும், முப்பத்துமூன்று.

எல்லாரும் கிரகோரி சாரைப் பார்த்தார்கள். ரிட்டயர்டு தலைமையாசிரியர் அவர். அந்தப் பால்கனி விஷயமாகப் பத்து வருஷமாகத் தெரு அவரோடு மல்லுக்கட்டுகிறது, பத்து வருஷமாக அவர் அது பால்கனியே இல்லை, சன்ஷேடு என்று வாதாடி ஜெயித்துக்கொண்டிருக்கிறார்.

"சன்ஷேடை இடிக்கிறதுக்கு நியாயம் இல்லை" என்றார்.

"சார், நான் உங்க கால்ல வேணாலும் விழுதேன்."

"கால்ல விழுந்தா அளவு மாறுமா? கப்பலை ஒரு அடி தள்ளி வரச் சொல்லு உன் கடல்கிட்ட."

ஜெசிந்தா அழுதுகொண்டே எழுந்து போனாள். போய், வேறென்ன செய்வதென்று தெரியாமல், மாவு பிசைந்தாள். ஒரு உருண்டை இரண்டு உருண்டை இல்லை, ஆத்திரத்தில் அறுபது உருண்டைக்குப் பிசைந்தாள். சனிக்கிழமை விடிந்தபோது தெருவை எழுப்பியது சம்மட்டிச் சத்தம். கிரகோரி சார் தலையில் துண்டு கட்டி, கைலியை மடித்துக் கட்டி, தானே பால்கனியை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரோஸ்லின் டீச்சர் கீழே நின்று செங்கல்லை அள்ளினாள். "ராத்திரி பூராத் தூங்கலை, என்னையும் தூங்கவிடலை" என்று ஜெசிந்தாவிடம் சொன்னாள். சார் இவள் பக்கம் திரும்பாமலே கத்தினார். "என்னட்டி வேடிக்கை? போய் அடுப்பை மூட்டு!"

அப்பாடா, அந்தச் சனிக்கிழமையை என்னவென்று சொல்ல! மத்தியானத்துக்குள் தெருவின் சாமான்செட்டு முழுக்க மாடிக்கு ஏறிவிட்டது. மாடிக்கு மாடி கரியடுப்பு, தகர டின்னை வெட்டியது, லாரி ரிம்மைக் கவிழ்த்தது, பழைய இஸ்திரிப் பெட்டியைத் திறந்து வைத்தது என்று அவரவருக்குக் கிடைத்தது. ஜெசிந்தா மாடி விட்டு மாடி தாவி உருண்டை கொடுத்தாள், விரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கு, உருட்டுக்கட்டை படக்கூடாது, காற்றை விளிம்புக்குத் தள்ளு, பலகையில் ரவை தூவு, தணலை ஓரமாக ஒதுக்கு என்று தொண்டை கட்டக் கத்தினாள். மூன்றே முக்காலுக்கு முப்பத்தெட்டு மாடியிலும் ஒரே நேரத்தில் மாவு தீயில் விழுந்தது. தக்காளியும் கரியும் திருநீற்றுப்பச்சிலையும் கலந்த அந்த வாசனை எழுந்து கரையைத் தாண்டிப் போனதை எல்லாரும் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

நாலு மணிக்குக் கடல் வந்தது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, ஜன்னல், ஜன்னலுக்கு மேல் என்று ஒரு கண்ணாடிகூட உடையாமல் ஏறியது. தெருமுனையில் முதலில் ஒரு கொடிமரம் தெரிந்தது. பிறகு துருப்பிடித்த மூக்கு. பிறகு முழுக் கப்பலும், எஞ்சின் இல்லாமல், சத்தமில்லாமல், இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடி இடைவெளி விட்டு, சப்பரம் திரும்புகிற மாதிரி நங்கூரத் தெருவுக்குள் திரும்பியது. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், கோயில் மணியை யாரோ விடாமல் அடித்தார்கள். கிரகோரி சார் வீட்டைத் தாண்டும்போது மட்டும் எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். தாண்டிவிட்டது. சார் கப்பலின் பக்கவாட்டை உள்ளங்கையால் தடவிக் கொடுத்தார்.

துறைமுக அதிகாரி ஒருவர் ஃபைலோடு ஓடிவந்து பேச்சித்தாய் மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். அவள் அவர் கையில் ஒரு பீட்சாத் துண்டைத் திணித்தாள். அவர் தின்றுகொண்டே ஃபைலைப் புரட்டினார். துறைமுகத்தில் கால் வைக்கக் கூடாது என்று இருந்தது, கடற்கரையில் வைக்கக் கூடாது என்று இருந்தது. மொட்டைமாடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "எனக்குத் தெரிஞ்சு தடையில்லை" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேட்டார்.

கப்பல் ஜெசிந்தா வீட்டு மாடிக்கு நேராக வந்து நின்றது. லம்பர்ட் நின்றிருந்தான். மெலிந்து பாதி ஆளாகியிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"இறங்குங்க! ஏங்க, இறங்குங்க!"

"இருட்டி. கப்பல்ல சமையக்காரன் எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடணும். எல்லாரும் இறங்கட்டும்."

இதற்குப் பெயர் பைத்தியக்காரத்தனம் இல்லாமல் வேறென்ன? ஆனால் அவன் அப்படித்தான். மணிலாக்காரப் பையன்கள் நாலு பேரை ஒவ்வொரு மாடியாக இறக்கினான், அவர்கள் தரையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பர்மாக்காரர் மூவரை இறக்கினான். எஞ்சின் ரூம்காரர் இருவர், காய்ச்சலில் கிடந்தவர்கள், அவர்களைத் தூக்கிக் கொடுத்தான். தாடிக்காரக் கேப்டன் கப்பலை விட்டு வரமாட்டேன் என்று கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடம்பிடித்தார், அவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. கடைசியில் கேப்டன், கிரகோரி சார் மடியில் போய் விழுந்தபோது மணி நாலு நாற்பத்தைந்து.

கடல் திரும்பத் தொடங்கியது. அது நேரம் தவறாத கடல். கப்பல் மெல்ல நகர்ந்தது, ஒரு முழம், இரண்டு முழம்.

"கயிறு!" என்று ஜெசிந்தா அலறினாள். "லம்பர்ட், கயித்தைப் போடுங்க!"

அவன் இரண்டு பக்கமும் எறிந்த தடித்த கயிற்றை இந்தப் பக்கம் ராயப்பன் பிடித்தான், எதிர்ப்பக்கம் பேச்சித்தாய், பிறகு மாடி விட்டு மாடி, தெரு முழுக்க. அது கரைமடி இழுத்துப் பழகிய தெரு, விடியற்காலையில் மணலில் குதிகாலை ஊன்றி வலை இழுக்கிற அதே ஜனம். இப்போது ஈரமான மொட்டைமாடித் தளத்தில் குதிகாலை ஊன்றி, ஏலேலோ என்று ஒருத்தர் எடுக்க ஐலசா என்று முப்பத்தெட்டு மாடியும் வாங்க, நேற்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவர்கள் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் சாய்ந்து, கடலுக்கும் தெருவுக்கும் நடுவில் அந்தக் கப்பலை இழுத்துப் பிடித்தார்கள். அதிகாரியும் ஃபைலைக் கீழே வைத்துவிட்டு இழுத்தார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கப்பல் நின்றது, எண்ணிப் பத்து மூச்சு நேரம்.

லம்பர்ட் தாண்டினான். தாண்டியவன் ஜெசிந்தா மேலேயே விழுந்தான், இரண்டு பேரும் மாவுப் பலகையோடு உருண்டார்கள். தெரு கயிற்றை விட்டது. ஆளில்லாத 'லோரெட்டா பி' பின்பக்கமாகவே தெருவைத் தாண்டி, தண்ணீரோடு தண்ணீராகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் அவனை அடித்தாள். "சமையக்காரனாம் சமையக்காரன்" என்று நெஞ்சில், தோளில், கைவந்த இடத்திலெல்லாம் அடித்தாள், அப்புறம் கட்டிக்கொண்டு விடவே இல்லை. சுற்றிலும் பத்துப் பேர் எந்தெந்தப் பாஷையிலோ அழுதுகொண்டே பீட்சா தின்றுகொண்டிருந்தார்கள். லம்பர்ட் எழுந்து நின்றான். தரை ஆடாமல் இருப்பது அவனுக்குப் பிடிபடவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டான். நீலச் சுவர். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு ஈரப் படியில் ஒவ்வொரு காலாக வைத்துக் கீழே இறங்கி, வழியெல்லாம் தண்ணீர் சொட்டும் அந்தப் புது வீட்டின் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, கூச்சத்தோடு குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"ஏட்டி ஜெசி, இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?"

சொந்த வீட்டில் மனுஷனுக்கு வழி தெரியவில்லை. அவள் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கொட்டியது, சேலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, காட்டுதேன்" என்று கூட்டிப்போனாள்.